சாமானியக் காது

அன்று காலை பத்து மணிக்கு ஒலிநாளத் தர நிர்ணய வாரியத்தின் கேட்பறையில் மொத்தம் ஆறு பேர் இருந்தார்கள். அறையின் நடுவில், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சமதூரத்தில் சுண்ணாம்பால் போட்ட குறிக்கு மேல், சாய்வு நாற்காலியில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் அரை அடி பின்தள்ளிப் பேராசிரியர். இடப்பக்கம் அதே அரை அடி பின்தள்ளி விமர்சகர். அந்த அரை அடி ஒலிக்காக என்று விதியில் இருந்தது. மரியாதைக்காக என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுவரோர மேசையில் மணியும் கடிகாரமும் பாட்டுப் பெட்டியின் பொத்தானுமாகச் செயலாளர் அம்மாள். ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் தொங்கிய கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம், யார் கண்ணிலும் படாமல், நாளம் மாற்றுபவர். பாட்டுப் பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்குப் பாட்டைக் கொண்டுபோவது நாளம். கதவை ஒட்டி, முதுகு சாய இடமில்லாத மர ஸ்டூலில், இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே செருகிக்கொண்டு, பம்ப்காரர்.

பம்ப்காரர் கதவின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது வருடமாக ஊர் நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்டுகிறவர் அவர். ஓட்டுகிறவர் என்பது பேச்சுக்கு. மோட்டார் தானாகவே ஓடும். அவர் வேலை அதைக் கேட்டுக்கொண்டிருப்பது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இரும்பின் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்தார் என்றால், உள்ளே எந்தப் பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அதனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை செவித் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். சான்று இல்லாவிட்டால் அடுத்த நாளே பம்ப் ஹவுஸ் கதவைத் தாண்ட முடியாது. இத்தனை வருடமும் டாக்டர் பின்னால் நின்று கடிகாரத்தைப் பிடிப்பார், இவர் "கேக்குதுங்க" என்பார், சான்று வந்துவிடும். இந்த வருடம் துறையிலிருந்து வேறு மாதிரி ஒரு தாள் வந்தது. சான்றைப் புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் தாங்கள் தேர்வு செய்யப்பட்டிருப்பதால், உயர்தர ஒலிநாளங்களின் வருடாந்தரக் கேட்பில் 'சாமானியக் காது' என்ற ஆசனத்தில் அமர்ந்து கருத்துரைக்க வேண்டியது.

ஆசனம் என்றது இந்த ஸ்டூலைத்தான்.

காலையில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்ட செயலாளர் அம்மாளிடம் அவர் மெதுவாக விசாரித்திருந்தார். பாக்கெட்டில் செல்போன் இருந்தால் உச்சஸ்தாயி கலங்கிப்போகுமாம்.

"அம்மா, நான் என்ன சொல்லணும்?"

"கேட்டதைச் சொல்லணும். அப்புறம் அதையே கடிதமா எழுதி ஒட்டிக் கொடுக்கணும். வாரியமும் தனியா ஒரு கடிதம் எழுதும். ரெண்டும் துறைக்குப் போகும். ஒத்துப்போச்சுன்னா படிவம் ஏழு, உங்க சான்று. ஒத்துப்போகலைன்னா படிவம் எட்டு."

"படிவம் எட்டுன்னா?"

"செவிக் குறைபாடு." அம்மாள் ரசீதைக் கிழித்து நீட்டினார். "போன வருஷம் ஒரு லாரி டிரைவர் வந்தார். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குன்னு எழுதிட்டார்."

"இப்ப எங்க ஓட்டறார்?"

"இப்ப ஓட்டறதில்ல. அவருக்குக் காது கேக்காதுன்னு சான்று இருக்கு."

"நெசமாவே கேக்காதா?"

"தெருவுல பார்த்தா நான் கூப்பிடுவேன். திரும்புவார்," என்றார் அம்மாள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அப்போதிலிருந்துதான் அவர் கண் தாழ்ப்பாளிலேயே இருந்தது.

தலைவர் எழுந்தார். கேட்பு தொடங்குமுன் அவர் பேசுவது விதி. பேச்சு அறையின் காற்றைப் பக்குவப்படுத்தும் என்று அதற்குக் காரணமும் எழுதியிருந்தது.

"சாமானியக் காதுக்காக ரெண்டு வார்த்தை. இந்த வாரியம் கருவிகளை நம்பறதில்ல. முன்னால ஒரு கருவி வெச்சிருந்தோம். எந்த நாளத்தை மாட்டினாலும் ஒரே எண்ணைக் காட்டிச்சு. அவ்வளவு மழுங்கின கருவி. அதை அப்புறப்படுத்திட்டோம். அதுக்கப்புறம்தான் இங்க வேறுபாடுகளே கேக்க ஆரம்பிச்சுது. இல்லையா பேராசிரியரே?"

"அந்தக் கருவியை வடிவமைச்சது நான்தான்," என்றார் பேராசிரியர். "அந்தத் தப்பை ஒத்துக்கிட்டதுக்குத்தான் இந்தப் பதவி குடுத்தாங்க. நன்றியோட சொல்றேன்."

"ஏதாவது கேக்கணுமா?" என்று தலைவர் ஸ்டூலைப் பார்த்தார்.

ஒன்றுமே கேட்காமல் இருந்தால் காது மந்தம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் பம்ப்காரர் வாயைத் திறந்துவிட்டார். "இல்லீங்க, திரையை இழுக்கறதுக்கு முன்னால பார்த்தேன், அந்த ஒயரு ஏன் தரையில படாம பீங்கான் கப்பு மேல..."

விமர்சகர் கண்ணை மூடிக்கொண்டார். செயலாளர் அம்மாள் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். பேனா தாளில் ஓடும் சத்தம் பம்ப்காரருக்குத் தன் தண்டனையை வாசிப்பது போலக் கேட்டது.

"ஒயர் வீட்டுல இருக்கும்," என்றார் தலைவர் தணிந்த குரலில். "இஸ்திரிப் பெட்டியில இருக்கும். இது நாளம். நம்ம உடம்புல ரத்தம் போற மாதிரி இதுல இசை போகுது. இந்த அறைக்குள்ள அந்த இன்னொரு வார்த்தையைச் சொன்னா நாளத்தோட மனசு சுருங்கும். சுருங்கினா நடுஸ்தாயி அடிபடும். தரையில ஏன் படலைன்னு கேட்டீங்க. உங்க மேல யாராவது கால் வெச்சா நீங்க பாடுவீங்களா?"

"மாட்டேங்க."

"அவ்வளவுதான். நாற்பது மணி நேரம் ஓய்வு எடுத்த நாளங்கள் இது. உடம்புல அம்புக்குறி போட்டிருக்கு. ஒலி எந்தப் பக்கம் போகணும்னு அதுக்குத் தெரியணும் இல்லையா?"

பாடகியின் குரல் திரும்பிப்போய்ப் பாட்டுப் பெட்டிக்குள்ளேயே விழுந்துவிடும் ஆபத்து இருக்கிறதா என்று கேட்க நினைத்தார் பம்ப்காரர். கேட்கவில்லை. "தெரியணுங்க," என்றார்.

முறை இதுதான். ஒரு பெண் வயலினோடு பாடும் பாட்டு, மூன்று நிமிடம் பத்து வினாடி. முடிந்ததும் அம்மாள் மணி அடிப்பார். திரைக்குப் பின்னால் இருப்பவருக்கு நான்கு நிமிடம் அவகாசம். அதற்குள் அடுத்த நாளத்தை மாட்ட வேண்டும். அவர் பேசக் கூடாது, தட்டக் கூடாது, இருமக் கூடாது. எந்த நாளம் என்று குறிப்புக் கொடுத்ததாகிவிடும். நான்கு நிமிடம் ஆனதும் அம்மாள் பொத்தானை அழுத்துவார். இப்படி ஐந்து நாளங்கள். தெளிவு, ஆழம், ஈரம், மௌனம் என்று நான்கு இனங்களுக்கும் தலா இருபத்தைந்து மார்க். மௌனம் என்பது பாட்டுக்கு நடுவே பாட்டு இல்லாத இடம் எவ்வளவு நன்றாக இல்லாமல் இருக்கிறது என்பது.

முதல் நாளம் பாடியது. பம்ப்காரர் உயிரைக் கொடுத்துக் கேட்டார். நல்ல பாட்டு. மணி அடித்தது. திரைக்குப் பின்னால் செருப்பு தேய்ந்தது. திருகு ஒன்று கிறீச்சென்றது, இன்னொன்று கிறீச்சென்றது. பித்தளை பித்தளையில் இறுகியது. இரண்டாவது நாளம் பாடியது. அதே பாட்டு. அதே பெண். அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, வயலினுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஓரக்கண்ணால் பார்த்தார். பேராசிரியர் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். விமர்சகர் ஏதோ துக்கச் செய்தி வந்ததுபோல உதட்டைக் கடித்தார். தனக்குத்தான் காது போய்விட்டதோ? பத்தொன்பது வருடம் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குப் போகாமல் இருக்குமா? படிவம் எட்டு. வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வது? அவள் சொல்வதையெல்லாம் காதில் வாங்குவதில்லை என்று ஏற்கெனவே அவளுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. இனி சான்றோடு பேசுவாள்.

மறுபடி மணி. இந்த முறை திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி மட்டும் முனகியது. செருப்பு தேயவில்லை. திருகு சத்தம் இல்லை. நான்கு நிமிடமும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார் பம்ப்காரர். ஒன்றும் இல்லை. மூன்றாவது நாளம் பாடியது. அதன் அடியில், வயலின் ஓயும் இடங்களில், ஒரு மூச்சு. இழுத்து, நிறுத்தி, விட்டு. நான்காவதில் அது இன்னும் ஆழமாக இறங்கியது. கடைசியில் குட்டியாக ஒரு விசில். ஐந்தாவதில் விசிலோடு ஒரு சப்புக்கொட்டலும் சேர்ந்துகொண்டது.

அந்தச் சத்தத்தைப் பம்ப்காரருக்குத் தெரியும். ராத்திரி ஷிஃப்டில் மச்சான் துணைக்கு இருக்கும்போதெல்லாம் கேட்பதுதான். திரைக்குப் பின்னால் ஆள் தூங்கிவிட்டான். இரண்டாவதாக மாட்டியதுதான் இன்னும் மாட்டியிருக்கிறது.

காது போகவில்லை என்று ஒரு நொடி நிம்மதி வந்தது. அடுத்த நொடி, முன்னைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. இதை எப்படிச் சொல்வது?

கருத்துகள் தொடங்கின.

"முதலாவது சுத்தமா வறட்சி," என்றார் பேராசிரியர். "ரெண்டாவது படிச்ச பிள்ளை மாதிரி, தப்பில்ல, உயிரும் இல்ல. மூணாவதுதான் என்னை நிமிர வெச்சுது. ரெண்டாவதுக்கு முப்பத்தொண்ணு, மூணாவதுக்கு எழுபத்தெட்டு. இவ்வளவு வித்தியாசத்தை என் வாழ்க்கையில கேட்டதில்ல."

"நாலாவதை நீங்க சொல்லாம விட்டுட்டீங்க," என்றார் விமர்சகர், குரல் தழுதழுக்க. "அது படுத்துக்கிட்டு பாடுது. அப்படி ஒரு சாவகாசம். ரெண்டாவது நாளத்தைச் செஞ்சவங்களை நினைச்சா எனக்குப் பரிதாபமா இருக்கு. அவங்க இந்தத் தொழிலை விட்டுடலாம்."

தலைவர் கண்ணைத் துடைத்தார்.

"அஞ்சாவதுல ஒரு உயிர்மூச்சு இருந்துச்சு. இருபது வருஷமா நான் தேடினது. அந்தக் கம்பியில யாரோ வாழறாங்க." ஸ்டூலின் பக்கம் திரும்பினார். "சாமானியக் காது. உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?"

எல்லாத் தலையும் திரும்பியது. பம்ப்காரருக்குப் பொய் சொல்லவும் தைரியம் வரவில்லை, உண்மை சொல்லவும் தைரியம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சொல்தான் கிடைத்தது.

"மூச்சு கேட்டுச்சுங்க."

தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "கேட்டீங்களா! பயிற்சியே இல்லாத காது! கதவோரத்துல, ஸ்டூல்ல! அதுக்கே கேட்டிருக்கு!"

"விட்டு விட்டு வந்துதுங்க," என்றார் பம்ப்காரர், எப்படியாவது புரியவைக்கும் ஆசையில். "கொஞ்சம் விசிலும்..."

"விசில்!" விமர்சகர் அதை எழுதிக்கொண்டார். "நுண்மைன்னா இதுதான்."

திரை விலகியது. நாளம் மாற்றுபவர் வெளியே வந்து கைகட்டி நின்றார். கன்னத்தில் நாற்காலிப் பிரம்பின் பின்னல் அச்சு அச்சாகப் பதிந்திருந்தது. தலைவர் அவர் தோளில் தட்டினார். "ஒரு சத்தம் இல்ல. நாலு நாளத்தை மாத்தியிருக்கார், ஒரு சத்தம் இல்ல! இதுக்குப் பேர்தான் ஒழுக்கம்."

வெளியே நடையில் அந்த ஒழுக்கம் ஓடிவந்து பம்ப்காரரின் முழங்கையைப் பிடித்தது.

"அண்ணே. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. மூச்சுன்னு நீங்க சொன்னப்பவே எனக்கு முழிப்பு வந்துடுச்சு."

"ஏம்பா, இப்படியா தூங்குவ? என் பொழப்பே இதுல மாட்டியிருக்கு."

"வேணும்னா தூங்கறேன்? மை இருட்டுண்ணே. அசையக் கூடாது, இருமக் கூடாது. ஆரம்பத்துல ஒழுங்கா மாத்திக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பல்லாம் ஒருத்தரும் பாராட்டினதில்ல. ஒரு தடவை கண்ணசந்துட்டேன். அன்னிக்குத்தான் தலைவர் முதல் தடவையா அழுதார். அதுலேர்ந்து மாத்தவே பயமா இருக்கு."

"அப்ப அந்த ரெண்டாவது நாளம் செஞ்சவங்க?"

"யார்ன்னே எனக்குத் தெரியாதுண்ணே." குரலைத் தாழ்த்தினார். "காட்டிக்குடுத்துடாதீங்க."

செயலாளர் அம்மாளின் அறையில் தாளும் பேனாவும் உறையும் பசைப் புட்டியும் தயாராக இருந்தன. கூடவே தலைவரும் வந்தார். விதி பதினான்கின்படி சாமானியக் காதின் கடிதத்தை வாரியம் படிக்கக் கூடாது. சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று விதியில் இல்லை.

"எழுதுங்க. 'ஐந்து நாளங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை நான் தெளிவாகக் கேட்டேன். ஐந்தாவதில் உயிர்மூச்சு இருந்தது.' அவ்வளவு போதும். உங்க சான்று இந்த மாசமே வந்துடும்."

பம்ப்காரர் எழுதினார். எழுத்துகள் மழையில் நனைந்த கோழி போல ஒடுங்கி ஒடுங்கி வந்தன. கையெழுத்துப் போடப் பேனாவைத் தூக்கியபோது மேசை மேலிருந்த போன் அடித்தது.

அம்மாள் எடுத்தார். "ஆமா, இருக்கார். யாரு பேசறது? மச்சானா?" என்று அவரிடம் நீட்டினார்.

"மாமா!" பம்ப் ஹவுஸிலிருந்து மனைவியின் தம்பி கத்தினான். "உங்க செல்லு ஆஃப்ல இருக்கு, அக்காதான் இந்த நம்பரைக் குடுத்துச்சு. ரெண்டாம் நம்பர் பம்ப் என்னமோ முனகுது மாமா. மீட்டரெல்லாம் சரியாத்தான் காட்டுது. ஓட விடவா, நிறுத்தவா? ஆஸ்பத்திரி லைன் அதுலதான் போகுது."

"கத்தாத. போனை மோட்டார்கிட்ட கொண்டுபோ. அங்க இல்லடா, அது மோட்டார் காத்தாடி சத்தம். பம்ப் பக்கம் வை. இன்னும் கீழ."

பம்ப்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இரைச்சலுக்கு அடியில், குழாய்க்குள் யாரோ கூழாங்கல்லைக் கொட்டி உருட்டுவதுபோல ஒரு சத்தம்.

"எதுல இப்படி லயிச்சுட்டீங்க?" என்று தலைவர் ரிசீவரை வாங்கித் தன் காதில் வைத்தார். புருவம் உயர்ந்தது. "ஆஹா. என்ன ஒரு அடித்தொனி! உருண்டு உருண்டு வருது. இது எந்த நாளம்?"

"டெலிபோன் ஒயருங்க," என்றார் அம்மாள்.

பம்ப்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினார். "நிறுத்துடா! உறிஞ்சற வாய் அடைச்சிருக்கு. தண்ணி பத்தாம உள்ள அடிச்சுக்குது. இன்னும் அரை மணி விட்டா சக்கரம் தூள்தான். மூணாம் நம்பரைப் போட்டுட்டு வலையைத் தூக்கிப் பாரு."

போனை வைத்தார். தலைவர் சற்று மனம் வருந்தியவராக, வாரியத்தின் கடிதத்தை எழுதக் கேட்பறைக்குப் போனார். பம்ப்காரர் உட்கார்ந்திருந்தார். கையெழுத்து இல்லாத தாள் அவர் முன்னால் கிடந்தது. கால் மணி கழித்து மறுபடி போன் அடித்தது.

"கோணி மாமா! அரைக் கோணி, வலையைச் சுத்திக்கிட்டு கிடக்கு. மூணாம் நம்பர் நல்லா ஓடுது. நீங்க எப்ப வருவீங்க? எனக்கு இதுங்க பேசறது ஒண்ணும் புரியல மாமா."

"வரேன்," என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

தாளை எடுத்தார். வாசித்தார். நாலாக மடித்தார். "அம்மா, இன்னொரு தாள் கிடைக்குமா?"

அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு?"

"இல்லாத சத்தத்தைக் கேட்டேன்னு ஒரு தடவை கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் நானே என் காதை நம்ப மாட்டேம்மா. மச்சான் போன் பண்ணினா என்ன சொல்லுவேன்? படுத்துக்கிட்டு பாடுதுன்னா சொல்ல முடியும்?"

"படிவம் எட்டு வரும்."

"தெரியும்." கையை நீட்டினார். "தாளைக் குடுத்துடுங்க, மனசு மாறிடும்."

அவர் எழுதினார். நீரேற்று நிலையத்தில் ஷிஃப்டு முடிவில் எழுதுகிற அதே ஒழுங்கில், நேரம் போட்டு எழுதினார்.

'ஐயா, வணக்கம். பத்து இருபதுக்கு முதல் நாளத்தைக் கழற்றி இரண்டாவதை மாட்டினார்கள். திருகு இரண்டு முறை சத்தமிட்டது. அதன் பிறகு எதையும் மாற்றவில்லை. திருகு சத்தம் இல்லை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று கேட்டவை எல்லாம் இரண்டாவதே. முப்பத்தொன்று மார்க்கு வாங்கியதும் கம்பியில் வாழ்கிற உயிர் உள்ளதும் ஒன்றே. மூச்சு என்று நான் சொன்னது குறட்டையை. இருட்டில் அசையாமல் உட்காரவைத்தால் யாரும் தூங்குவார்கள், ஆகவே அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஐந்துக்கும் எனக்கு வேறுபாடு கேட்கவில்லை. முதலாவதற்கும் இரண்டாவதற்கும்கூடக் கேட்கவில்லை. இது குறைபாடு என்றால் அப்படியே பதிந்துகொள்ளவும். ஆனால் இரண்டாம் நம்பர் பம்ப்பை நான் வரும்வரை ஓட்ட வேண்டாம் என்று நீரேற்று நிலையத்துக்குத் தெரிவிக்கவும். இப்படிக்கு.'

கையெழுத்துப் போட்டார். மடித்து உறைக்குள் தள்ளினார். பசையைத் தடவும்போது அது மேசையெல்லாம் சிந்தியது. அம்மாள் எழுந்து வந்து, உறையின் மூடியைத் தன் கட்டை விரலால் ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டினார்.

"எனக்கும் கேட்டுச்சு," என்றார், தலை நிமிராமல்.

"எது?"

"குறட்டை. பன்னெண்டு வருஷமா கேக்குது."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"என்னை யாரும் கேக்கலையே. நான் மணி அடிக்கறவதானே." உறையைத் திருப்பி வாரியத்தின் முத்திரையை ஓங்கிக் குத்தினார். "பெட்டி நடையோட கோடியில இருக்கு. நீங்களே போய்ப் போடணும். விதி."

நடை நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் பழைய தலைவர்களின் படங்கள், எல்லோரும் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில் கால் தானாக நின்றது. திரும்பிப் போய்விடலாம், அந்த நாலாக மடித்த தாள் சட்டைப்பையில்தான் இருக்கிறது என்று ஒரு யோசனை வந்தது. மனைவி முகம் வந்தது. மச்சான் குரல் வந்தது. மிச்சத் தூரத்தைக் கிட்டத்தட்ட ஓடினார்.

இரும்புப் பெட்டி, ஆள் உயரம். உறையை வாய்க்குள் பாதி தள்ளினார். விரல் விட மறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு விட்டார்.

காலிப் பெட்டியின் தகரத் தரையில் உறை விழுந்த சத்தம் நடை முழுவதும் எதிரொலித்து அடங்கியது.

பெட்டியிலிருந்து நாலே அடி தள்ளி, கேட்பறை வாசலில் நின்றுகொண்டிருந்த தலைவர் அன்போடு கேட்டார்: "போட்டாச்சா?"